பாலத்தில் போனால் ஆறு தாண்டியதாகுமா?

நாணற்படுகை,
9 ஜூலை 2025

சம்பந்தி அம்மா ரெங்கம்மாள் அவர்களுக்கு, மலர்க்கொடி எழுதுவது.

மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை எடுத்து "யாரு" என்றீர்கள். "நான்தான்" என்றேன். அதோடு சத்தம் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. என் குரல் உங்களுக்கு ஆகவில்லை போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைக் செட்டு கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் என் அடுப்படி வரைக்கும் கேட்கிறது. ஆனால் இந்தக் கடிதம் அரியலூர் போய், திருச்சி போய், தஞ்சாவூர் போய்த்தான் உங்கள் கைக்கு வருமாம். தபால்காரரே சொன்னார். மனுஷருக்குப் பாலம் திறந்தாயிற்று, தபாலுக்கு இன்னும் திறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் செந்தாமரைக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போடுவது உங்கள் முறை. அது முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு என் பெண்ணை என் வீட்டுக்கு அழைத்து வருவது என் முறை. இதில் நான் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. தேதி கேட்கலாம் என்று அவளிடம் பேசினால், "அத்தை வேண்டாங்கிறாங்கம்மா" என்கிறாள். ஏனடி என்றேன். "வளைகாப்பு போட்ட பொண்ணு ஆறு தாண்டக் கூடாதாம். பாலத்துல போனாலும் தாண்டினதுதானாம்" என்கிறாள்.

யாரிடம் இதைச் சொல்லி அனுப்புகிறீர்கள் சம்பந்தி? இந்தப் பாலம் வேண்டும் என்று மாறி மாறி வந்த கலெக்டர் அத்தனை பேரிடமும் மனு கொடுத்தவள் நான். இங்கே சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பாலத்தம்மா என்றுதான் கூப்பிடுகின்றன. கட்ட வந்த ஆட்களுக்கு மெஸ் நடத்திச் சோறு போட்டேன். உங்கள் மகன் பரிதி அங்கே சூப்பர்வைசராக வந்து, என் கையால் சாப்பிட்டு, என் பெண்ணைக் கேட்டுக் கட்டிக்கொண்டவர். அப்போது ஆறு தாண்டிப் பெண் எடுக்கலாம், இப்போது அதே பெண் ஆறு தாண்டி அம்மா வீட்டுக்கு வரக் கூடாதா?

கல்யாணப் பந்தியில் என் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னீர்கள். பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அனுப்புவீர்களா மாட்டீர்களா, ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மலர்க்கொடி

*

மாங்குடிவெளி,
15 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு ரெங்கம்மாள் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தபோது வயலில் இருந்தேன். கை கழுவிவிட்டுப் படித்தேன். படித்துவிட்டு மறுபடியும் படித்தேன். என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது.

முதலில் போன். குறுவை நடவு அன்றைக்கு இடுப்பில் இருந்த போன் சேற்றில் விழுந்துவிட்டது. அரிசிப் பானையில் போட்டு வைத்தும் சரியாக வரவில்லை. எதிரே பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது முதல் வார்த்தையோடு நின்றுவிடுகிறது. நீங்கள் "நான்தான்" என்றதும் "சொல்லுங்க சம்பந்தி, சொல்லுங்க" என்று நான் கத்திய கத்தலில் வரப்பில் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்காமல் போனால் நான் என்ன செய்வேன்? செந்தாமரையின் போனில் பேசலாம்தான். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது?

சாம்பார் விஷயம் எழுதியிருந்தீர்கள். உப்பில்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் உப்புக் கொண்டு வாங்க என்றேன். என் நாக்குக்கு எப்போதும் கூடுதல் வேண்டும். டாக்டர்கூடத் திட்டுகிறார்.

இப்போது முக்கியமானது. ஆறு தாண்டக் கூடாது என்று நான் சொன்னேனா? நீங்கள் அல்லவா சொன்னீர்கள்? போன மாதம் நான்தான் செந்தாமரையிடம், "வளைகாப்பு முடிஞ்சதும் உங்கம்மா வந்து அழைச்சிட்டுப் போகட்டும், துணிமணியெல்லாம் எடுத்து வையி" என்றேன். அவள், "அம்மா வேணாங்கிறாங்க அத்தை. ஆறு தாண்டக் கூடாதுன்னு அவங்க ஊர்ல ஒரு பேச்சு இருக்காம்" என்றாள். பெற்ற தாயே வேண்டாம் என்ற பிறகு நான் என்ன சொல்வது? மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பாலத்துக்காக அவ்வளவு அலைந்த அம்மா இப்படிச் சொல்கிறார்களே என்று இவரிடம்கூடச் சொன்னேன். இவர் வழக்கம்போல ம் என்றார்.

நீங்கள் சொல்லவில்லை என்றால் யார் சொன்னது? உங்கள் ஊரில் வேறு யாராவது பெரியவர்கள் சொல்லி, நீங்கள் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாளா? யோசித்துப் பாருங்கள். சில சமயம் நாமே சொல்லிவிட்டு மறந்துபோகிறோம். எனக்கு அப்படி நிறைய ஆகிறது.

ரெங்கம்மாள்

*

நாணற்படுகை,
21 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

மறந்துபோனேனாம். பருப்பு எத்தனை படி, ஆள் எத்தனை பேர் என்று எதையும் எழுதி வைக்காமல் மெஸ் நடத்தினவள் நான். எனக்கா மறதி?

நான் ஏன் அப்படிச் சொல்ல முடியாது என்பதை உங்களுக்கு ஒருமுறை எழுதிவிடுகிறேன். தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீங்கள் கேட்டதில்லை. என் பெரியவள் கலைமகள் நன்னிலத்தில் வாழ்க்கைப்பட்டாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தாள். ஆடி வெள்ளம். கொள்ளிடம் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பிள்ளை பிறந்து, உதிரம் நிற்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டினோம், தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். தஞ்சாவூர் எதிரேதான் இருக்கிறது. வண்டி அணைக்கரையைச் சுற்றிக்கொண்டு போனது. என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். போய்ச் சேரவில்லை. குழந்தை நன்னிலத்தில் அவர்கள் வீட்டில் வளர்கிறது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பாலம் பைத்தியம். இன்றைக்கு என் வாசலில் வண்டி ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசல். இனி எந்தப் பெண்ணும் என் மடியில் அப்படிப் போகாது. செந்தாமரை இங்கே வந்து பிள்ளை பெற்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தின் மேல் திரும்பிப் போவதை நான் பார்க்க வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே ஆசை அதுதான். அதற்காகக் கலைமகள் படுத்திருந்த கட்டிலையே புது நாடா போட்டு, உள் அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். ராசியில்லாத கட்டில் என்று பேசினார்கள். கட்டிலா கொன்றது? ஆறு கொன்றது. ஆற்றுக்கு இப்போது பாலம் வந்தாயிற்று. செந்தாமரையிடமும் இதையெல்லாம் போனில் சொன்னேன். ம் ம் என்று கேட்டுக்கொண்டாள்.

இன்னொன்று. மாதா மாதம் செக்கப்புக்குத் தஞ்சாவூர் கூட்டிப் போகிறீர்களே, எந்த வழியாகப் போகிறீர்கள்? காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. அதெல்லாம் உங்களுக்கு ஆறாகத் தெரியவில்லையா? போக ஐந்து, வர ஐந்து தாண்டலாம். அம்மா வீட்டுக்கு ஒன்றே ஒன்று தாண்டக் கூடாதா? இந்தக் கணக்கை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.

என் பெண் பொய் சொல்ல மாட்டாள். ஆகவே சொன்னது நீங்கள்தான்.

மலர்க்கொடி

*

மாங்குடிவெளி,
28 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கலைமகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் களை பறிக்கப் போகவில்லை.

நீங்கள் கேட்ட ஐந்து ஆறு கணக்கு என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. அதைச் செந்தாமரையிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சின்ன ஆறு அத்தை, பழகின ஆறு. கொள்ளிடம்தான் கணக்கு" என்றாள். சரி, இதை யாரிடமாவது கேட்டுத் தெளிந்துவிடலாம் என்று போனேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

சிவன் கோயில் குருக்கள், "ஆறுங்கிறது தண்ணி இல்லம்மா, அது எல்லை. மேல பறந்து போனாலும் தாண்டினதுதான்" என்கிறார். உரக்கடை அப்துல் வஹாப் பாய், "கால் நனையாம போனா அது எப்படிம்மா தாண்டினதாகும்? பாலம்னா அது ரோடு" என்கிறார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மாமியார் மருமகள் பேச்சில் வாயே திறக்காத மனுஷன், அன்றைக்கென்று, "கரண்டுக் கம்பி மேல காக்கா ஒக்காருது. அது கரண்டைத் தொட்டதா, தொடலையா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பரிதிக்கு ஒடிசாவில் புதுப் பாலம் வேலை. செந்தாமரை போனிலிருந்து அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மா, பாலத்துல எத்தனை டன் போகலாம்னு கேளு, சொல்றேன். புள்ளத்தாச்சி போகலாமான்னு டிராயிங்ல போடல" என்கிறான். விளையாட்டுப் பேச்சு. அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சம்பந்தி, உங்களிடம் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொசைட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், ஒரு மூட்டை யூரியாவுக்குக்கூடத் தப்பாகப் பில் போட மாட்டாள். ஆனால் நான் சொல்லவில்லை. மாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை என்கிறீர்கள். அப்படியானால் என்ன அர்த்தம்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேன்.

அனுப்ப எனக்குச் சம்மதம். அவள் அம்மாவிடம் போகாமல் யாரிடம் போவாள்? ஆனால் அவள் போக விரும்புகிறாளா என்பதுதான் இப்போது எனக்குத் தெரியவில்லை.

ரெங்கம்மாள்

*

நாணற்படுகை,
3 ஆகஸ்ட் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

நன்றாகச் சுற்றி வளைக்கிறீர்கள். இப்போது குற்றவாளி நானும் இல்லை, நீங்களும் இல்லை, வயிற்றுப் பிள்ளைக்காரி. பெற்ற தாய் வீட்டுக்கு வர விரும்பாத பெண் எங்கே இருக்கிறாள்?

நேற்று போனில் அவளை நேராகவே கேட்டேன். "யாருடி சொன்னது, உன் மாமியாரா, இல்லையா?" அவள், "விடும்மா, எதுக்கு ரெண்டு பேரும் சண்டை போடறீங்க" என்று அழுதுவிட்டாள். எதற்கு அழுகிறாள்? நீங்கள் பக்கத்தில் நின்றீர்களா? நின்றிருந்தால் சொல்லுங்கள். நிற்கவில்லை என்றால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

போனை வைத்துவிட்டு அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்க வேறு யாரும் இல்லாததால் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள்தான் அவள் கூட இருக்கிறீர்கள். அவளை என்னவென்று கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள்.

மலர்க்கொடி

*

மாங்குடிவெளி,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். எழுத மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கை மீறித்தான் எழுதுகிறேன். நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான்.

மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் அல்லவா. ஊரே சாயங்காலமானால் பாலத்தில்தான் நிற்கிறது. சுண்டல் வண்டி, பஜ்ஜிக் கடை என்று திருவிழா மாதிரி இருக்கிறது. செந்தாமரையும், "வாங்க அத்தை, தண்ணி பாத்துட்டு வரலாம்" என்றாள். எனக்கு ஆச்சரியம். ஆறு தாண்டக் கூடாது என்கிறவள் பாலத்துக்குக் கூப்பிடுகிறாளே என்று கூடவே போனேன். மெல்ல நடந்தோம். எந்தத் தூணில் அவள் வீட்டுக்காரன் ராத்திரி பகலாக நின்றான் என்று கைகாட்டிக்கொண்டே வந்தாள். கிராதியைப் பிடித்துக் குனிந்து சுழலைப் பார்த்தாள். எனக்குத்தான் தலை சுற்றியது, அவளுக்கு ஒன்றும் இல்லை. பாதி ஆற்றைத் தாண்டினோம், முக்கால் ஆற்றைத் தாண்டினோம். அப்படியே அக்கரை வரை போய் உங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

உங்கள் வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். "போதும் அத்தை, திரும்பிடலாம்" என்றாள்.

அங்கேயே ஓரமாக உட்காரவைத்துக் கேட்டேன். அதட்டவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு ஆறும் பயமில்ல, பாலமும் பயமில்ல அத்தை. அந்த உள் ரூம்தான். அக்கா கத்தினது அங்கதான். நான் காலேஜ் லீவுக்கு வந்திருந்தேன். தலைமாட்டுல நான்தான் ஒக்காந்திருந்தேன். அக்கா என் கையப் புடிச்சது இன்னும் வலிக்குது. அந்தக் கட்டிலுக்கே அம்மா புது நாடா போட்டிருக்காங்களாம், எவ்ளோ ஆசையா சொல்றாங்க. அதுல படுத்தா நானும் எழுந்திருக்க மாட்டேன்னு தோணுது. புத்திக்குத் தெரியுது, ஒடம்புக்குத் தெரியல."

இதை அம்மாவிடம் சொல்லக் கூடாதா என்றேன். "எப்படிச் சொல்றது? என்னை ஒழுங்கா கூட்டிட்டுப் போயி பெத்தெடுக்கத்தான அவங்க பாலம் பாலம்னு அலைஞ்சாங்க. உன் வீட்டுக்கு வர பயமா இருக்குன்னு சொன்னா, அக்கா செத்ததுக்கு அவங்களக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். அவங்க தாங்க மாட்டாங்க" என்றாள்.

பிறகு கொஞ்சம் சிரித்தாள். "அதான் உங்க பேரைச் சொல்லி அவங்ககிட்டயும், அவங்க பேரைச் சொல்லி உங்ககிட்டயும் சொன்னேன். சாம்பார் சண்டைக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அம்மாவிடம் சொல்லவே மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். இப்போது எழுதிவிட்டேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவளை அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ரெங்கம்மாள்

*

நாணற்படுகை,
24 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

இனி சம்பந்தி என்று எழுத வரவில்லை.

பதில் எழுதத் தாமதமானது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. என் பெண்ணை மயக்கி வைத்துக்கொண்டு கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். வாய்விட்டே திட்டினேன். அப்புறம் அவள் மேல் கோபம். இந்த வீட்டில்தான் பிறந்தாய், இந்த வீட்டுச் சோறுதானே தின்று வளர்ந்தாய், உனக்கு என்னடி பயம் என்று இல்லாதவளிடம் சத்தம் போட்டேன்.

மறுநாள் அந்தக் கட்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் போட்டேன். இனி என்ன பயம், கட்டில் போய்விட்டது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஓடவில்லை. கட்டில் போனால் அறை இருக்கிறதே. அறையைப் பூட்டினால் கதவு இருக்கிறதே. நான் இருக்கிறேனே. என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அக்காவின் தலைமாடுதானே நினைவுக்கு வரும்?

அண்ணி, எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அவள் அந்தத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தேன். வெந்நீர் கொண்டு வா என்று அவளைத்தான் விரட்டினேன். அப்படி இருந்தும் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவளை, நீ பயந்தாயா என்று நான் கேட்டதில்லை. வழி இல்லாமல்தான் கலைமகள் போனாள், வழி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரே பிடியாக இருந்துவிட்டேன். இப்போது யோசித்தால் தலை வலிக்கிறது.

சரி. இனி நடக்க வேண்டியது. கவனமாகப் படியுங்கள்.

அவள் இங்கே வர வேண்டாம். அங்கேயே பெற்றுக்கொள்ளட்டும். ஆனால் எனக்கு விஷயம் தெரியும் என்பது அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியக் கூடாது. அம்மாவை நோகடித்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு அவள் வலி எடுத்துப் படுக்கக் கூடாது. ஆகவே, ஆறு தாண்டக் கூடாது என்று சொன்னது நான்தான். உங்களிடம் அவள் சொன்னதே உண்மை. இத்தனை நாள் நான் மாற்றிப் பேசியது உங்கள் மேல் இருந்த சாம்பார்க் கோபத்தில்.

வளைகாப்பு அன்றைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன். நீங்கள் விடக் கூடாது. "என்ன சம்பந்தி, பாலம் வாங்கிக்கொடுத்த நீங்களே இப்படிச் சொல்லலாமா, பெத்த பொண்ண அழைச்சிட்டுப் போக மாட்டீங்களா" என்று என்னோடு நன்றாகச் சண்டை போட வேண்டும். அப்போதுதான் அவள் நம்புவாள். நான் அசைய மாட்டேன். மனு கொடுத்தவளுக்கே பெண்ணைப் பாலம் ஏற்றப் பயம் என்று இரண்டு கரையும் சிரிக்கும். மெஸ்ஸுக்கு வந்த இன்ஜினீயர்கள் காதுக்குப் போனால் அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரசவ சமயத்தில் நான் அங்கே வந்து உங்கள் வீட்டில் தங்கலாமா? பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் வந்து படுத்துக்கிடக்கிறாள் என்று உங்கள் ஊர் பேசும். அதை நீங்கள்தான் தாங்க வேண்டும்.

மலர்க்கொடி

*

மாங்குடிவெளி,
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் மினி பஸ் ஏறிப் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். போனை மாற்றிவிட்டேன், கூப்பிட்டே சொல்லலாம். ஆனால் இதை என்னால் வாயால் சொல்ல முடியாது.

நீங்கள் சொன்னபடி உங்களோடு சண்டை போட்டேன். ஆரம்பத்தில் நடிப்பாகத்தான் இருந்தது. நீங்கள் அத்தனை பெண்கள் நடுவில் எழுந்து நின்று, "பாலமா இருந்தா என்ன, ஆறு ஆறுதான். நான் பயந்தவ, என் பொண்ண நான் தாண்டவிட மாட்டேன்" என்று சொன்னீர்களே, அந்த இடத்தில் எனக்கு நடிப்பு விட்டுப்போயிற்று. நான் அழுததைக் கோபத்தில் அழுததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற பெண்கள் பாலத்தம்மா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்கள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. வளையலை எடுத்துப் பெண் கையில் போட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

நீங்கள் போனதும் செந்தாமரை பசிக்கிறது என்று கேட்டாள். இந்த இரண்டு மாதத்தில் அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. கலந்த சாதம் எல்லா வகையிலும் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். வந்த பெண்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம், பேச்சு, எதற்கும் எழவில்லை. நான் இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்தாள். நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா தன் பேச்சை உண்மையாக்கிவிட்டார்களே என்று அவளுக்கு ஒரே குழப்பம். "நான் சும்மா சொன்னது அத்தை, அவங்க நெஜமாவே அப்படி நெனச்சிட்டிருந்திருக்காங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று பூவிலேயே கண்ணாக இருந்தேன். அவள் கண்டுபிடிக்கவில்லை, அண்ணி. கொஞ்ச நேரம் வளையலைத் தள்ளித் தள்ளி விளையாடிவிட்டுச் சொன்னாள்:

"பாவம் அத்தை எங்கம்மா. வெளியில வீராப்பா பேசுவாங்களே தவிர, உள்ளுக்குள்ள ரொம்பப் பயந்த சுபாவம். அக்கா போனதுலேர்ந்து அப்படி ஆயிட்டாங்க போல. எனக்கு அவ்ளோ பயம் இல்ல. நான்தான் இனிமே அவங்களுக்குத் தைரியம் சொல்லணும்."

கார்த்திகை பிறந்ததும் வந்துவிடுங்கள். ஊர் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குப் படுக்கக் கூடத்தில் அவள் பக்கத்திலேயே இடம் ஒழித்து வைக்கிறேன்.

அவள் அப்படிச் சொன்னதும் நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். "ஆமாண்டி, உங்கம்மா பயந்தவதான்" என்றேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரெங்கம்மாள்